வளரட்டும், நிற்கட்டும்

ஒரே சரக்குதான், சின்னதாக இருந்தால் ஒரு நிறம், கொஞ்சம் பெரிதானால் இன்னொரு நிறம் என்று பிலோமினாவுக்கு முதன்முதலில் சொன்னது அவளுடைய கடைசி மகள் ஜெனிட்டாதான். போன வருஷம் பனிமய மாதா கோவில் திருவிழாவில், கொடியேற்றம் முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில், வளையல் கடை வாசலில் வைத்துச் சொன்னாள். சிவப்பு வளையலையும் பச்சை வளையலையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதுக்குச் சிவப்புச் சாயம், அதுக்குப் பச்சைச் சாயம் போட்டிருக்கான்ம்மா. நாங்க லேப்ல செய்யுற துகள்ல சாயமே கிடையாது. அளவை மாத்துனா நிறம் தானா மாறும்" என்றாள். "அது எப்படிட்டி?" என்று பிலோமினா கேட்டாள். கூட்டம் நெருக்கியதில் பதில் பாதியில் நின்றது. கேள்வி மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்து, அடுப்படியிலும் பூசை நேரத்திலும் கூடவே இருந்து, இப்போது இந்தப் பெஞ்சுக்கும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தின் முதல் மாடி வராந்தா. ஒரு பக்கம் செருப்பு வைக்கிற அலமாரி, எதிரே கண்ணாடி பதித்த கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஜெனிட்டா. பிலோமினா தூத்துக்குடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவள். மகளைக் கையோடு கூட்டிப்போய்விட வேண்டும் என்று வந்தவள். "இந்த ஒண்ணு மட்டும் முடிச்சிட்டு வாரேன், இங்கனயே இரும்மா" என்று மகள் சொன்னதும், சரி என்று தலையாட்டிச் செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஏன் சரி என்றாள்? கூட்டிப்போக வந்தவள் கையைப் பிடித்து இழுக்க வேண்டாமா? உள்ளே என்ன செய்கிறார்கள் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஒரு ஆசை வந்துவிட்டது, அதுதான். சேசுவே, இந்த வயதில் இப்படி ஒரு ஆசை.

அரைக்கிறார்கள் என்றுதான் அவள் ரொம்ப நாள் நினைத்திருந்தாள். அவ்வளவு பொடிப்பொடியாக வேண்டும் என்றால் அரைக்கத்தானே வேண்டும். மிளகாயும் மல்லியும் மில்லில் அரைப்பதுபோல், அதைவிட நைசாக, அதற்கென்று ஒரு பெரிய மில் இருக்கும் என்று வைத்துக்கொண்டாள். ஒரு தலைமுடியின் குறுக்கே பத்தாயிரம் துகளை வரிசையாக அடுக்கலாம் என்று ஜெனிட்டா சொன்னபோதுகூட, அப்பாடி, எத்தனை ஓட்டு ஓட்டியிருப்பார்கள் என்றுதான் தோன்றியது. மாதர் சங்கக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லவும் சொல்லிவிட்டாள், எம் மக வெயில்ல கரண்டு எடுக்கப் பொடி அரைக்கா என்று. ஸ்டெல்லா விடுவாளா? "இத்தனை வருஷம் படிக்கவச்சது மாவு அரைக்கவா பிலோமி? எங்க தெரு மில்லுல ஆள் கேக்காவ, வரச் சொல்லு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், பிலோமினாவும் சிரித்தாள். அன்றைக்கே போன் போட்டுக் கேட்டால், மகள் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அரைக்க மாட்டோம்மா, வளப்போம்." வளர்ப்பதா? "ஆமா. உப்பளத்துல உப்பு வளருதுல்ல, தண்ணிக்குள்ள ஒண்ணுமில்லாம இருந்து கல்லு கல்லா வருதுல்ல, அது மாதிரி. ஆனா ஒரு உப்புக் கல்லுக்குள்ள இது கோடிக்கணக்குல அடங்கும்." எண்ணெயைச் சுட வைக்கிறார்களாம். ஒலிவ எண்ணெயிலிருந்து எடுத்த ஒரு அமிலமாம். ஒலிவ எண்ணெய் என்றதும் பிலோமினாவுக்கு மேல் சிலிர்த்தது, சாமியார் நெற்றியில் பூசுகிற எண்ணெயாயிற்றே. மந்திரித்த எண்ணெயா என்று கேட்டுவிட்டாள். அதற்கும் ஒரு சிரிப்பு. சிரித்துவிட்டு, "நீ சொல்லுறதும் சரிதாம்மா, இங்கயும் பூசத்தான் செய்யுது. ஒவ்வொரு துகளையும் சுத்தி அந்த எண்ணெய் பூசிக்கிடும். பூசலைன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே கட்டியாப் போயிரும்" என்றாள். அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு பூசுதல். அதை நினைத்துக்கொண்டே பிலோமினா அன்று இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவினாள், குழி குழியாக, ஒன்றையும் விட்டுவிடாமல். இப்போது கதவிடுக்கு வழியாக ஒரு வாடை வருகிறதே, எண்ணெய் வாடை இல்லை, பூண்டு வாடை. உள்ளே யார் பூண்டு வதக்குகிறார்கள்? பூண்டு என்றால் பிள்ளை பெற்ற வீடு. நல்லெண்ணெயில் வதக்கி, கருப்பட்டி தட்டிப்போட்டு, மூத்தவனைப் பெற்றபோது அவளுக்கு உருட்டி உருட்டிக் கொடுத்தார்கள். அந்த வாடை இங்கே, இந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், எதிலிருந்து வருகிறது? விஷத்திலிருந்து வருகிறதோ? விஷத்துக்கு இந்த வாடை இருக்குமா? கேட்க வேண்டும். மகள் வெளியே வந்ததும் முதலில் இதைக் கேட்க வேண்டும். இல்லை, முதலில் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நேற்றுக் காலையில்தான் ஜெனிட்டா போனில் சொன்னாள். குரலை அடக்கிச் சொன்னாள். "அம்மா, உண்டாயிருக்கேன். யாருட்டயும் சொல்லாத. இங்க கைடு மேடத்துட்ட இன்னும் சொல்லல." மாதாவே என்று பிலோமினா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி இத்தனை நாள் கழித்து, மருமகன் கிளமெண்ட் கப்பலேறிப் போன பிற்பாடு வந்த சேதி. நடுக்கடலில் இருந்தாலும் அவனுக்கும் சொல்லியாயிற்று. அவன் அழுதே விட்டானாம். சந்தோஷத்தில் அவளுக்கும் கண் நிறைந்தது, நிறைந்த கண்ணோடு எழுந்து மாதா படத்துக்கு மெழுகுதிரி ஏற்றப் போனவளுக்குத் தீக்குச்சி கையிலேயே சுட்டது. வளையல் கடை வாசலில் மகள் சொன்ன இன்னொன்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. துகள் செய்யப் போடுகிற கேட்மியம். "அது மட்டும் ஆகாதும்மா, நஞ்சு. உள்ள போனா வெளிய வர வருஷக்கணக்காகும். உறை போட்டுக்கிட்டுத்தான் தொடுவோம்." அன்று அதைக் கேட்டு, பார்த்துச் செய் என்று ஒரு வார்த்தை சொன்னதோடு சரி. அன்று அது ஒரு உடம்பு. இன்று இரண்டு. அதனால்தான் முதல் பஸ். வந்து நின்ற அம்மாவைப் பார்த்த மகள், "எனக்குத் தெரியும் நீ வருவேன்னு" என்றாள். கோபமும் இல்லை, வரவேற்பும் இல்லை, களைத்த முகம். "மேடத்துட்டச் சொன்னா இன்னைக்கே என்னய இந்த ரூமுக்குள்ள விடமாட்டாங்க. ரெண்டு வருஷமா சரியா வராம வராம, இப்பத்தாம்மா வருது. சிவப்பு வந்துட்டா பச்சை ஒண்ணுதான் பாக்கி. அதுவும் முடிஞ்சா நானே சொல்லிருவேன். இப்ப விட்டேன்னா வேற ஆள் கைக்குப் போயிரும்." போகட்டுமே என்று சொல்ல வாய் எடுத்தாள் பிலோமினா. மகள் அதற்குள், "எனக்கு வேண்டிக்கோம்மா. இன்னைக்குச் சரியான நேரத்துல நின்னுரணும்னு வேண்டிக்கோ. துகள் வளந்துக்கிட்டே போச்சுன்னா கெட்டுது, எல்லாம் கறுத்த பொடி. சரியான அளவுல நிக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வார்த்தைதான் இப்போது செபமாலை மணியில் சிக்கிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லி முடித்து, வளரட்டும் தாயே என்று வயிற்றுக்காகக் கேட்கிறாள். அடுத்த மணியைப் பிடித்து, மகள் சொல்லியிருக்கிறாளே என்று, நிற்கட்டும்... என்று உள்ளே அவள் சுடவைக்கிற குடுவைக்காகத் தொடங்கினால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அவளுக்கு மூத்தவன் பிறப்பதற்கு முன்னால் வயிற்றில் ஒன்று வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில், மூக்குக் கண்ணாடி போட்ட டாக்டரம்மா, வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "வளர்ச்சி நின்னு போச்சும்மா" என்றாள். நின்று போயிற்று என்றால் பஸ் நின்றதுபோல், மழை நின்றதுபோல், மறுபடி கிளம்பும் என்று பத்தொன்பது வயது பிலோமினாவுக்குத் தோன்றியது. எப்ப மறுபடி வளரும் டாக்டர் என்று கேட்டாள். டாக்டரம்மா அவள் தலையைத் தடவினாள். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அவள் எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை; ஓடுகிற பிள்ளையை நில்லுல என்று கூப்பிட மாட்டாள், இங்க வால என்பாள். இப்போது அதையே வேண்டச் சொன்னால் எப்படி? ஒரே வாய், ஒரே மூச்சு, ஒரே மாதா. ஒரு மணிக்கு வளரட்டும், ஒரு மணிக்கு நிற்கட்டும். மேலே கேட்கிறவளுக்கு எது எதற்கென்று தெரிந்துவிடும், தெரியாமலா இருக்கும், ஆயிரம் பேர் ஆயிரம் கேட்கிற இடம். ஆனாலும் மாறிப் போய்விட்டால்? குடுவைக்குப் போக வேண்டியது வயிற்றுக்குப் போய்விட்டால்? சீ, என்ன நினைப்பு, மாதா என்ன தபால்காரரா முகவரி மாற்றிக் கொடுக்க. மறுபடி முதலிலிருந்து. மணி எத்தனையாவது என்று தெரியவில்லை. அது சரி, ஏன் சின்னதாக இருந்தால் பச்சை, பெரிதானால் சிவப்பு? மஞ்சளுக்குப் பிறகுதான் சிவப்பு என்று யார் வைத்தது? மாம்பழம்கூட அப்படித்தான், ஆனால் அது பழுப்பது. இது பழுப்பதில்லை, வளர்கிறது. வெயிலுக்குள் எல்லா நிறமும் இருக்கிறது என்று மகள் சொன்னாள். கரண்டுக்காகக் கூரைமேல் வைக்கிற தகடு அதில் கொஞ்சத்தைப் பிடித்து மீதியை விட்டுவிடுமாம். இந்தத் துகள் தன் அளவுக்கு ஏற்ற நிறத்தைப் பிடிக்குமாம், வேண்டிய அளவில் செய்து வைத்தால் விட்டுப்போனதையும் பிடிக்கலாமாம். தூத்துக்குடி வெயிலில் எத்தனை நாள் துணி காயப்போட்டிருக்கிறாள், கருவாடு காயப்போட்டிருக்கிறாள், ஒரு நாளும் அது பல நிறம் என்று தோன்றியதில்லை, சூடு என்றுதான் தெரியும். வாசல் திரையில் நீலம் மட்டும் வெளுத்து மஞ்சள் பூ அப்படியே இருக்கிறதே, அது இதனால்தானா? இதையும் கேட்க வேண்டும். கேட்க வேண்டியது கூடிக்கொண்டே போகிறது, சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று, வீட்டுக்கு வந்துவிடு என்று.

கதவு திறந்தது. ஜெனிட்டாவோடு வேலை செய்கிற தமயந்தி, விருதுநகர்ப் பிள்ளை, தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். "என்ன அத்தே, சாமி கும்பிட்டு முடிச்சாச்சா? எனக்கும் சேத்துக் கும்பிடுங்க, எங்க சாமி ரொம்ப நாளா லீவுல இருக்கு" என்றாள். பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்தது. பூண்டு வாடையைக் கேட்டாள். "அதுவா, நாங்க ஊசியில ஏத்துற மருந்து. ஊசிய வெளிய எடுத்தப்ப துளி வாடை வந்திருக்கும். பயப்படாதீங்க, உள்ள கூண்டு இருக்கு, காத்தை மேல இழுத்துரும்." உள்ள நீங்க ரெண்டு பேரும் என்ன செய்வீங்க என்று கேட்டாள் பிலோமினா. "எண்ணெய் சூடு வந்ததும் ஜெனிட்டா ஊசியில மருந்தை ஒரே தள்ளாத் தள்ளுவா. அப்புறம் நிறம் மாறும். அவ பாத்துக்கிட்டே இருந்து நிறுத்துன்னு சொல்லுவா. சொன்ன அந்த வினாடி நான் அடுப்பை இறக்கி, குளிர்ந்த எண்ணெயை ஊத்தணும்." கருவி வைத்துப் பார்க்க மாட்டீர்களா? "அதெல்லாம் பின்னாடி பாப்போம் அத்தே. அந்த நேரத்துக்குக் கண்ணுதான். நான் சொன்ன அன்னைக்கு ஒரு தடவை கூடச் சரியா வரல, உங்க மக வச்சுத் திட்டிட்டா." தமயந்தி சிரித்துக்கொண்டே போத்தலை மூடினாள். "வாங்க, கண்ணாடிகிட்ட நின்னு பாருங்க. உள்ள மட்டும் வந்துராதீங்க." இந்தப் பிள்ளைக்குத் தெரியாது. கூட நிற்கிறவளுக்கே தெரியாது. சொல்லிவிடலாமா? பிலோமினாவின் வாய் திறந்தது. மகள் நேற்று குரலை அடக்கிச் சொன்னது காதில் கேட்டது. வாய் மூடிக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கூண்டுக்குள், ஒரு குடுவை. மூன்று கழுத்து உள்ள குடுவை, மூன்று பக்கமும் குழாய். உள்ளே எண்ணெய் தண்ணீர்போலத் தெளிவாக, எதுவும் இல்லாததுபோல இருந்தது. எதுவும் இல்லாததில்தான் எல்லாம் இருக்கிறது என்கிறார்கள். ஜெனிட்டா உறை போட்ட கையில் ஊசியோடு நின்றாள். இழுத்து வைத்த கண்ணாடித் தடுப்புக்கு அடியில் அவள் கை உள்ளே போனது. வயிறு அந்த மேசை விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது. பின்னால வாட்டி, பின்னால வா. பிலோமினாவின் மூச்சில் கதவுக் கண்ணாடி மங்கியது, முந்தானையால் துடைத்தாள். துடைத்த வட்டத்துக்குள் மகளின் முகம் தெரிந்தது. அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. பரீட்சைக்குப் போன முகம் தெரியும், கல்யாணப் பந்தலில் குனிந்த முகம் தெரியும், அப்பாவை அடக்கம் செய்த அன்று வெறித்த முகம் தெரியும். இது எதுவும் இல்லை. மூக்குத்துணிக்கு மேலே இரண்டு கண், இமைக்காமல், பசித்தவள் சோற்றைப் பார்ப்பதுபோல. கட்டைவிரல் ஊசியைத் தள்ளியது. குடுவை ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு இமைக்குமுன் ஓடிப்போன ஒரு பச்சைச் சாயல், உடனே மஞ்சள். எங்கிருந்து வந்தது, யாரும் ஊற்றவில்லையே, எலுமிச்சை மஞ்சள், அதற்குள் அது கெட்டியாகி ஆரஞ்சு, வளர்கிறது, கண் முன்னால் வளர்கிறது, கோடி கோடியாக ஒன்றுபோல ஒன்று, ஒவ்வொன்றும் தன் மேல் எண்ணெய் பூசிக்கொண்டு. போதும், இதுதான், என்ன அழகு, நிறுத்துட்டி, நிறுத்து என்று பிலோமினாவின் உதடு அசைந்தது. எந்த வார்த்தையை முப்பத்தைந்து வருஷம் சொல்லவில்லையோ அதுவே வந்துவிட்டது. உள்ளே ஜெனிட்டா ஒன்றும் சொல்லவில்லை. ஆரஞ்சு ஆழமானது. போச்சு, கைதவறிப் போச்சு, கறுத்துவிடப் போகிறது. இன்னும் சொல்லவில்லை. ஆரஞ்சுக்குள் ரத்தம் விட்டதுபோலச் சிவப்பு இறங்கியது. அப்போது மகளின் தலை ஒரு தடவை அசைந்தது. சத்தம் கண்ணாடியைத் தாண்டி வரவில்லை. தமயந்தி பாய்ந்து அடுப்பை இறக்கி, குளிர்ந்த எண்ணெயை ஊற்றினாள். அவ்வளவுதான். குடுவையில் புகை கலைந்தது. உள்ளே இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவளைப் போய்க் கையைப் பிடித்து எப்படி இழுப்பது? இழுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் உட்கார வைத்தால் இந்தக் கண் எதைப் பார்க்கும்?

வெகுநேரம் கழித்து ஜெனிட்டா வெளியே வந்தாள். உறையைக் கழற்றி, சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவி, வேறு உறை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு விரலில் மூடிய சின்னக் கண்ணாடிக் குப்பி.

"அம்மா, இங்க பாரு." இன்னொரு கையில் இருந்த ஊதா விளக்கை அதன் மேல் அடித்தாள். குப்பிக்குள் இருந்து சிவப்பு எழுந்தது. மேலே பட்ட சிவப்பு இல்லை, உள்ளே இருந்து வருகிற சிவப்பு, கோவிலில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் எரிகிற விளக்குபோல. பிலோமினா தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஏம்மா, இதுக்குப் போயா?" ஜெனிட்டா சிரித்தாள். "வேண்டிக்கிட்டியா?"

"இல்லட்டி. வாய் வரல. ஆனா கண்ணாடி வழியா எல்லாம் பாத்தேன். மஞ்சள் வந்துச்சு, ஆரஞ்சு வந்துச்சு, அதுலயே நான் நிறுத்திட்டேன்."

"ஆரஞ்சுலயா? கெட்டுது போ!"

"ஆமா, எனக்கு அவ்வளவுதான் தெரியும். நீ இன்னும் விட்ட. பிறகுதான் தலைய அசைச்ச." பிலோமினா மகளின் முகத்தைப் பார்த்தாள். மூக்குத்துணியின் தடம் கன்னத்தில் சிவந்து கிடந்தது. "நாளைக்கு?"

"நாளைக்குப் பச்சை. பச்சை ரொம்பச் சீக்கிரம் வந்துரும்மா, கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள நிறுத்தணும்." சொல்லிவிட்டு ஜெனிட்டா குனிந்தாள். "தெரியும்மா. நீ என்ன சொல்ல வந்தேன்னு தெரியும். வந்துருன்னு சொல்லாத."

வந்துரு என்பது பிலோமினாவின் நாக்கில்தான் இருந்தது. விழுங்கினாள். உள்ளே தமயந்தி குடுவையைக் கழற்றிக்கொண்டு, எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். "வந்துருன்னு சொல்லல. ஊசியைத் தள்ளுறது அந்தப் பிள்ளையால முடியாதா?"

"தள்ளிருவா. ஆனா எப்ப நிறுத்தணும்னு அவளுக்குத் தெரியாதும்மா."

"அவளுக்குத் தெரிய வேண்டாம், உனக்குத் தெரியுமே." பிலோமினா எட்டி, உறை போட்ட கையைத் தொடாமல், மகளின் முழங்கையைப் பிடித்தாள். "நாளைக்கு ஊசியையும் அடுப்பையும் அவ கையில குடுத்துரு. எதுக்குன்னு அவளுட்டச் சொல்லிரு. நீ கதவுக்கு இந்தப் பக்கம் எங்கூட நின்னு, நிறம் வந்ததும் கண்ணாடியில ஒரு தட்டுத் தட்டு, போதும்."